பெருவெடிப்பையும் கருக்கட்டலையும் ஒப்பிடலாமா?

களுவாஞ்சிக்குடி அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கிழமையாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிற கேள்வி, இங்கே கேட்டால் தெரிந்தவர்கள் சொல்வீர்கள் என்று எழுதுகிறேன்.

வீட்டில் ஒரு நாட்டுக்கோழி 11 முட்டையில் அடைகிடக்கிறது. ஆறாம் நாள் இரவு கரண்ட் போன நேரம் பார்த்து, உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற மகள் போன் வெளிச்சத்தை முட்டைக்கு அடியில் பிடித்துக் காட்டினாள். ஓட்டுக்குள்ளே சிவப்பாக, சிலந்தி கால் விரித்த மாதிரி இரத்த நரம்புகள், நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு, அது மெல்ல அசைகிறது. ஆறு நாளைக்கு முன்னால் உடைத்துப் பார்த்திருந்தால் மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும்தான் இருந்திருக்கும். பக்கத்தில் நின்ற என் அம்மா, "அண்டம் எண்டாலே முட்டைதானே புள்ள, உலகமெல்லாம் இப்படித்தான் பொரிச்சது" என்றார். மகள் சிரிக்கவில்லை. "அப்படியெண்டா அதுக்குக் கோழி எங்கப்பா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் இல்லை.

ஒன்றுமில்லாத மாதிரி இருந்த சிறிய ஒன்றிலிருந்து இவ்வளவும் வந்தது என்று, பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்பு, முட்டையின் கருக்கட்டல் இரண்டையும் பற்றிச் சொல்கிறார்கள். இது பேச்சுக்குச் சொல்கிற உவமை மட்டுமா, இல்லை விஞ்ஞானிகள் யாராவது உண்மையாகவே இப்படி யோசித்திருக்கிறார்களா? சமயச் சண்டை வேண்டாம், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

உயிரியல் ரீச்சர், மட்டக்களப்பு:

தம்பி, அம்மா சொன்னது சொல்லளவில் அப்படியே சரி. அண்டம் என்ற சொல்லுக்கு முட்டை என்றும் பொருள், பிரம்மாண்டம் என்றால் பிரம்மாவின் முட்டை. இன்னொன்றும் சொல்கிறேன், பெருவெடிப்புக் கருத்தை முதலில் முன்வைத்தவர் பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குருவானவர், ஜோர்ஜ் லெமெத்தர். 1931இல் அவர் பிரபஞ்சம் முழுவதும் ஒரு ஆதி அணுவாக இருந்து, அது இரண்டாக, நாலாகப் பிளந்து பிளந்து இன்றைய நிலைக்கு வந்ததாக எழுதினார். கருக்கட்டிய முதல் கலமான நுகம் பிரிந்து முளையமாவதைப் படிப்பிக்கிற எனக்கு அதை முதலில் வாசித்தபோது கலப்பிரிவுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பிளவுக் கதையை இன்றைக்கு யாரும் ஏற்பதில்லை, விரிவு என்ற கருத்து மட்டும் நிலைத்தது. சமயச் சண்டை வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் இதையும் சொல்ல வேண்டும்: 1951இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் இந்தக் கண்டுபிடிப்பைப் படைப்புக்குச் சான்று போலப் பேசியபோது லெமெத்தருக்கே அது பிடிக்கவில்லை, அவர் இரண்டையும் கலக்கக்கூடாது என்று நின்ற மனிதர்.

ஆனால் உயிரியல் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒப்பீடு சீக்கிரமே உடைகிறது. நீங்கள் சொன்ன அந்த வெள்ளைப் புள்ளி ஆரம்பமே இல்லை. கருக்கட்டல் கோழியின் வயிற்றுக்குள் ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாகவே நடந்துவிடுகிறது, முட்டை இட்டு விழும்போதே அந்தப் புள்ளியில் ஆயிரக்கணக்கான கலங்கள் இருக்கும். அவை ஒவ்வொன்றிலும் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி என்று பரம்பரைக் குறிப்பைச் சுமக்கிற நிறமூர்த்தங்கள் வந்து சேர்ந்திருக்கும், செய்ய வேண்டிய வேலை எல்லாம் அதில் எழுதியிருக்கும். பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் அப்படி எழுதிவைத்த குறிப்பு எதையும் யாரும் கண்டதில்லை. அப்புறம், முட்டை மூச்சு விடுகிறது. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள், ஒட்சிசன் உள்ளே வரும், காபனீரொட்சைட்டும் நீராவியும் வெளியே போகும், 21 நாளும் கோழி சூடு கொடுத்தபடி இருக்க வேண்டும். அதாவது முட்டைக்கு ஒரு வெளி வேண்டும்.

அக்கரைப்பற்றுப் பௌதிகம்:

ரீச்சர் கடைசியில் சொன்னதுதான் முக்கியமான இடம். அண்ணன், இன்று நாம் பார்க்கக்கூடிய பிரபஞ்சம் முழுக்க ஒரு காலத்தில் மிக மிகச் சிறிய அளவில் இருந்தது என்பது சரி, ஆனால் அதை வெறுமைக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு முட்டை என்று நினைத்தால் பிழைத்துவிடும். வெடித்துச் சிதற வெளியில் இடம் இருக்கவில்லை, இடமே எங்கும் ஒரே நேரத்தில் விரிந்தது. சூடும் எதிர்மாறு: முட்டைக்குச் சூடு கொடுத்தால்தான் குஞ்சு, பிரபஞ்சத்தில் சூடு குறையக் குறையத்தான் எதுவும் உருவானது. முதல் சில நிமிடங்களில் ஐதரசன், ஈலியம் ஆகியவற்றின் கருக்கள் மட்டும், திணிவில் முக்கால்வாசியும் கால்வாசியுமாக. 3 இலட்சத்து 80 ஆயிரம் வருடம் கழித்துத்தான் இலத்திரன்கள் கருக்களோடு சேர்ந்து அணுவாகி, ஒளி தடையில்லாமல் ஓடத் தொடங்கியது. பிரபஞ்சம் விரிய விரிய நீண்டு வானொலி அலையாகிவிட்ட அந்த ஒளியை 1964இல் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு பேர் ஒரு வானொலி அன்டெனாவில் ஓயாத இரைச்சலாகக் கேட்டார்கள். இப்போது அதன் வெப்பநிலை தனிப்பூச்சியத்துக்கு, அதாவது இருக்கக்கூடிய ஆகக் குறைந்த வெப்பநிலைக்கு, மேல் 2.7 பாகைதான்.

ஆனால் ஒப்பீடு முழுக்க வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பழைய ஒளி வானத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி, இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கூடக்குறைய இருக்கிறது. எங்கள் ஊரில் விதைக்க முதல் வயலை மட்டமாக்குவோம், கண்ணுக்குப் பள்ளம் மேடு ஒன்றும் தெரியாது. தண்ணீர் இறக்கினால் எந்த மூலை அரை விரல் பதிவு என்று தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். பிரபஞ்சத்தில் அந்த வேலையைச் செய்தது ஈர்ப்பு, அதுவும் வயலைப்போல நிற்காமல் பதிவான இடத்தை இன்னும் இன்னும் பதித்துக்கொண்டே போனது. அங்கேதான் விண்மீன்கள் கூட்டமாகச் சேர்ந்த பால்வெளிகள் உருவாகின. ஒரே மாதிரி இருந்த ஒன்றுக்குள் சின்ன வேறுபாடு வளர்ந்து உருவம் வருவது, இந்த ஒரு விசயத்தில் முளையமும் பிரபஞ்சமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன.

உயிரியல் ரீச்சர், மட்டக்களப்பு:

ஓம், அதை நானும் ஏற்கிறேன். 1952இல் அலன் டியூரிங், கணினியின் தொடக்க காலத்து மனிதர், உயிரின் உருவம் எப்படி வருகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். ஒரே சீராகப் பரவியிருக்கிற இரண்டு இரசாயனங்கள் ஒன்றோடொன்று தாக்கமுற்றுப் பரவும்போது, தற்செயலான சிறு வேறுபாடு பெருகி வரியும் புள்ளியுமாக மாறலாம் என்று கணக்கால் காட்டினார். நான் மேலே எல்லாம் எழுதியிருக்கும் என்றது கொஞ்சம் கூடிப்போய்விட்டது. எழுதியிருப்பது பாதி, மிச்சம் அங்கேயே நடக்கிற நிகழ்வு.

அக்கரைப்பற்றுப் பௌதிகம்:

மகளின் கேள்வி மிச்சமிருக்கிறது, கோழி எங்கே என்று. அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டவர் லீ ஸ்மோலின் என்ற அமெரிக்கப் பௌதிகவியலாளர். 1992இல் அவர் ஒரு கருத்தை வெளியிட்டார்: ஒவ்வொரு கருந்துளையின் உள்ளேயும் ஒரு புதிய பிரபஞ்சம் பிறக்கலாம், பிறக்கும்போது பௌதிக மாறிலிகள் தாயினுடையதிலிருந்து ஒரு துளி மாறலாம். அப்படியானால் கருந்துளை அதிகம் உண்டாக்குகிற பிரபஞ்சத்துக்குப் பிள்ளைகள் அதிகம், தலைமுறை தலைமுறையாக அந்த வகையே பெருகும். அதாவது டார்வினின் இயற்கைத் தேர்வு, பிரபஞ்சங்களுக்கு. எனக்கு இதில் பிடித்தது, சோதித்துப் பார்க்க ஒரு வழியையும் சேர்த்தே சொன்னதுதான். பெரிய விண்மீன் வெடித்த பின் மிஞ்சுகிற மிக அடர்ந்த கருவான நியூத்திரன் விண்மீனின் திணிவு இன்ன எல்லைக்கு மேல் இருக்கக்கூடாது என்றார். 2010இல் சூரியனைப்போல ஏறத்தாழ 2 மடங்கு திணிவுள்ள ஒன்றை அளந்தார்கள், அதிலிருந்து அந்தக் கருத்து நெருக்கடியில்தான் நிற்கிறது. கருந்துளைக்குள் பிறப்பு நடக்கிறது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை, பெரும்பாலானவர்கள் ஏற்கவும் இல்லை. அதனால் மகளிடம், கோழியைத் தேடிய ஆட்கள் இருக்கிறார்கள், இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்.

பரம்பரை என்று உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு, விண்மீன்கள். பெருவெடிப்பில் இரும்பும் கல்சியமும் உண்டாகவில்லை, அவை விண்மீன்களுக்குள்ளும் அவை வெடித்தபோதும் உண்டானவை. முந்திய தலைமுறை விட்டுப்போனதை எடுத்துத்தான் 460 கோடி வருடத்துக்கு முன்னால் சூரியனும் பூமியும் வந்தன. நீங்கள் போன் வெளிச்சத்தில் பார்த்த சிவப்பில் இருக்கிற இரும்பும், ஓட்டில் இருக்கிற கல்சியமும் அந்த வழியில் வந்தவை.

களுவாஞ்சிக்குடி அப்பா:

ரீச்சருக்கும் தம்பிக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் அம்மாவுக்கும் மகளுக்கும் வாசித்துக் காட்டினேன், சூரியனுக்கும் முந்தின விண்மீனின் இரும்பு என்ற இடத்தில் அம்மா இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். நேற்று இரவு மறுபடியும் முட்டைகளைப் பார்த்தோம். ஒன்பதில் உயிர் நன்றாகத் தெரிகிறது, இரண்டில் ஒன்றுமில்லை, வெளிச்சம் அப்படியே ஊடுருவிப் போகிறது. மகள் கேட்கச் சொல்கிறாள்: கருந்துளையே உண்டாகாத பிரபஞ்சம் ஒன்று இருந்தால், அது இந்தக் கூழ்முட்டை மாதிரியா?

அக்கரைப்பற்றுப் பௌதிகம்:

நல்ல கேள்வி. ஸ்மோலினின் கணக்குப்படி அது கூழ்முட்டை இல்லை, பொரித்து வளர்ந்து, ஆனால் முட்டையிடாமல் போன கோழி. பிரபஞ்சமாக அது இருந்திருக்கும், வாரிசு மட்டும் இருக்காது.

உயிரியல் ரீச்சர், மட்டக்களப்பு:

தம்பி, அந்த இரண்டையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அடைச் சூட்டில் அழுகி வெடித்தால் மற்ற ஒன்பதையும் கெடுத்துவிடும்.