பிள்ளைகளின் சத்தம் நின்றுபோன மதியம்

கொழிஞ்சாம்பாறைத் தாய்:

இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் திடீரென்று சத்தம் நின்றால் அதற்கு என்ன பொருள் என்று இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவளுக்கு மூன்றரை. ஏப்ரல் கடைசி வாரம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றே அடுப்படிக் காற்றைப் போல் வீசிக்கொண்டிருந்தது. வெயில் 40 பாகையைத் தொட்டிருந்தது. முந்தைய இரவு மின்சாரம் இல்லாததால் விடிய விடிய விசிறிக்கொண்டிருந்த நான், மதியம் இரண்டு மணிக்குத் தரையில் படுத்து, "நான் கொஞ்ச நேரம் தூங்க வேண்டும், சத்தம் கேட்டால் நாளைக்கு நுங்கு கிடையாது" என்று சொல்லிவிட்டேன். காலையில் சீவிய நுங்குகளின் கூடுகள் பின்வாசலில் கிடந்தன; அவற்றில் குச்சி செருகி வண்டி செய்து இருவரும் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

வண்டிச் சத்தம் நின்றது. நின்றது எனக்குக் கேட்டது. எழுந்திருக்கவில்லை. அப்பாடா என்று திரும்பிப் படுத்தேன். எவ்வளவு நேரம் போனது என்று இன்றுவரை கணக்கிட முடியவில்லை. பத்து நிமிடமாகவும் இருக்கலாம்.

பின்பு தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன். நுங்குக் கூட்டில் மொய்த்த குளவி ஒன்று இளையவளின் சுட்டுவிரலில் கொட்டியிருந்தது. விரல் வீங்கியிருந்தது. மூத்தவள் அவளை மடியில் உட்காரவைத்து, தன் உள்ளங்கையால் அவள் வாயை இறுகப் பொத்தியிருந்தாள். பொத்திய விரல்களின் மேல் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "அம்மா தூங்கறாங்க கண்ணு, சத்தம் வரக்கூடாது" என்று காதில் சொல்லிக்கொண்டிருந்த அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

விரல் மறுநாளே வற்றிவிட்டது. எனக்குத்தான் வற்றவில்லை.

செங்கோட்டைத் தாத்தா:

அம்மா, தாங்கள் இதற்காக இவ்வளவு வருந்த வேண்டியதில்லை. பெரியவர்கள் தூங்கும்போது அமைதியாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது குற்றம் ஆகாது. எங்கள் காலத்தில் மதியத்தில் தாத்தா பட்டாசாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், படுத்தால் தெருவே அடங்கும்.

இருந்தாலும் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மகளைப் புனலூரில் கொடுத்திருக்கிறோம். 1956-இல் இந்த ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகத் தொடர்கின்றன. கோடை விடுமுறைக்குப் பேரன்கள் இருவரும் வந்திருந்தார்கள்; ஏழு வயது, நான்கு வயது. மே கடைசி. ஆரியங்காவு மலையின் மேல் மேகம் வந்து உட்கார்ந்தால் சாரல் தொடங்கிவிடும் என்று காலையில் காப்பி குடிக்கும்போது நான்தான் சொன்னேன். மதியம் சத்தம் இல்லை. வீடு முழுக்கத் தேடி, கடைசியில் தட்டட்டிக்கு, அதாவது மொட்டைமாடிக்கு, ஏறினால், அந்த உச்சி வெயிலில் இருவரும் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நானே செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத தரை. ஏறிய வேகத்தில் பெரியவன் முதுகில் ஓர் அறை வைத்தேன்.

அறைந்த பிறகுதான் கீழே பார்த்தேன். சின்னவன் தரையில் நிற்கவில்லை. அண்ணனின் இரண்டு புறங்கால்களின் மேல் ஏறி நின்றிருந்தான். பெரியவனின் உள்ளங்கால் இரண்டும் சிவந்து, ஒரு குதிகாலில் கொப்புளம் கிளம்பியிருந்தது. அவன் என்னைப் பார்த்து, "தாத்தா, மேகம் இன்னும் வரலை" என்றான். ஆச்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவன் அடுத்த நிமிடமே பேசினான். அதுதான் தாங்கவில்லை.

சித்தூர் மருமகள்:

முதலில் ஒன்று: எங்கள் சித்தூர் ஆந்திராச் சித்தூர், முதலில் எழுதிய அக்காவின் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பாலக்காட்டுச் சித்தூர் அன்று. உறவினர்கள் கடிதம் போட்ட காலத்தில் இந்தக் குழப்பம் நிறைய நடந்ததாக மாமனார் சொல்வார்.

தாத்தா அவர்களே, வயதில் பெரியவர் என்பதால் மெதுவாகச் சொல்கிறேன்: "கற்றுக்கொடுப்பது குற்றம் ஆகாது" என்று தொடங்கிய உங்கள் கதை எங்கே போய் முடிந்தது என்று நீங்களே மறுபடி படித்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டு அமைதி மாம்பழத்தால் வந்தது. ஜூன் தொடக்கம், பழக்கூழ் ஆலைகளின் வாசலில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டும் காலம். இங்கே பள்ளிகள் திறக்க இன்னும் நாள் இருந்தது. மாமியார் கார்பைடு கல் வைத்த பழத்தைத் தொடமாட்டார்; அது சட்டப்படி தடைசெய்யப்பட்டது என்பதெல்லாம் அவருக்குப் பிறகு, நாக்குக்கே தெரியும் என்பார். நாத்தனார் வீட்டு நிச்சயதார்த்தத்துக்காகப் பங்கனபள்ளிக் காய்களை உள்ளறையில் வைக்கோல் பரப்பி அடுக்கி, ஒரு வாரமாக யாரையும் உள்ளே விடாமல் காத்து வந்தார்.

அன்று மதியம் நான் துணி மடித்து முடிக்கும்வரை வீட்டில் ஒரு சண்டைகூட இல்லை. போய்ப் பார்த்தால் கதவு சாத்தியிருக்கிறது, பிள்ளைகள் சுவரோரம் சாதுவாக உட்கார்ந்திருக்கிறார்கள், பழங்கள் அடுக்கு குலையாமல் இருக்கின்றன. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். அடியில் ஒரு கடி. அடுத்ததைத் திருப்பினேன். ஒரு கடி. நாற்பத்திரண்டு பழங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கடி, கடித்த பக்கம் கீழே. மேலடுக்கில் முன்பல் விழுந்த மகனின் கடி, நடுவில் ஓர் இடைவெளியோடு. கீழடுக்கில் மகளின் முழுவரிசை.

மாமியார் ஒன்றும் சொல்லாமல் கடித்த பழம் ஒன்றை எடுத்து மீதியைத் தின்றார். கெடுத்தது நான்தான். நாத்தனார் தொலைபேசியில் கேட்டபோது, பிள்ளைகள் நிற்கிறார்கள் என்பதை மறந்து, "அணில் கடித்துவிட்டது" என்றேன். இன்றைக்கு ஓராண்டு ஆகிறது. பால் கொட்டினாலும், பென்சில் காணாமல் போனாலும், தங்கை அழுதாலும், யார் செய்தது என்று கேட்டால் மகன் என் கண்ணை நேராகப் பார்த்து, "அணிலம்மா" என்கிறான். எனக்கு மறுமொழி இல்லை.

குடியாத்தத்தார்:

என் அனுபவம் இரண்டு வரிதான். வாசலில் நிறுத்திய காருக்குள் என் இரு பிள்ளைகளும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுநர் விளையாட்டு விளையாடினார்கள். சத்தம் கேட்கவில்லையே என்று என் தம்பி வெளியே வந்ததால் தப்பினார்கள்.

ஆனால் இங்கே எல்லோரும் கதையாகவே சொல்லிக்கொண்டிருப்பதால் சில விவரங்களைச் சொல்லியாக வேண்டும். வெயிலில் நிற்கும் காரின் உள்ளே பத்தே நிமிடத்தில் வெப்பம் ஏறக்குறைய 10 பாகை கூடிவிடும். கண்ணாடியைச் சிறிது இறக்கிவைப்பதால் பெரிய வேறுபாடு இல்லை. சிறு பிள்ளைகளின் உடல் பெரியவர்களின் உடலைவிட மிக விரைவாகச் சூடேறும். ஆகவே வீட்டிலேயே இருக்கிறோம் என்றாலும் காரைப் பூட்டிச் சாவியை ஆணியில் உயரமாக மாட்டுங்கள். குளியலறை வாளியில் இரண்டு கை நீர்கூட மிச்சம் வைக்காதீர்கள். தவழும் பிள்ளைக்கு அதுவே போதும். வயிற்றுப்போக்கு வந்தால், கடையில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காத நேரத்தில், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்குங்கள். உப்பைக் கண்ணளவில் போடுவது தவறு. கொழிஞ்சாம்பாறைச் சகோதரி கவனிக்க: தேனீதான் கொடுக்கை விட்டுச் செல்லும், குளவி விடாது; ஆகவே கொடுக்கைத் தேடி விரலைக் கிள்ளக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்தால் போதும். முகமோ உதடோ வீங்கினாலும் மூச்சு இரைத்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு தடவுவதை எங்கள் வீட்டிலும் நிறுத்தியாயிற்று. தாத்தா அவர்களுக்கு: கொப்புளத்தை உடைத்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

செங்கோட்டைத் தாத்தா:

உடைக்கவில்லை. தேங்காயெண்ணெய் வைக்கப் போனேன். ஆச்சி கையைத் தட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். சித்தூர் மகள் சொன்னதைப் படித்தேன். மறுபடியும் படித்தேன்.

கொழிஞ்சாம்பாறைத் தாய்:

எல்லோருக்கும் நன்றி. அணிலைப் படித்துவிட்டு வீட்டில் உரக்கச் சிரித்தேன். குடியாத்தத்து அண்ணா, குளவிக் கடிக்கு என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. அன்று சரியாகத்தான் செய்தேன். நான் எழுத வந்ததை முதலில் முழுமையாக எழுத முடியவில்லை என்பதால் திரும்பி வந்தேன்.

இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. மூத்தவள் மறந்துவிட்டாள், கேட்டால், "எந்தக் குளவி?" என்கிறாள். நேற்று மதியம் நான் கூடத்தில் படுத்திருந்தேன். தூங்கவில்லை, கண்ணை மட்டும் மூடியிருந்தேன். இளையவள் நிலைப்படி தடுக்கி விழுந்தாள். முட்டி தரையில் இடித்த சத்தம் கேட்டது, அழுகை கேட்கவில்லை. கண்ணைத் திறந்தேன். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்தபடி, தன் கையால் தானே வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.