அவலாஞ்சி ஏரிக்கரையில் வழிகாட்டி இல்லாமல் நடக்க விட வேண்டுமா?

சோலைக்குருவி (கோவை)

போன மாதம் மனைவி, மகளோடு ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அவலாஞ்சி போயிருந்தேன். சுற்றுலா வண்டியில் ஏற்றி, குறித்த இடங்களில் இறக்கி, கொஞ்ச நேரம் படம் எடுக்க விட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். மகள் கேட்டாள்: "அப்பா, அந்த ஏரியைச் சுற்றி நடக்க முடியாதா?" முடியாது. முன்பதிவு செய்த மலையேற்றமாக இருக்க வேண்டும், கூடவே வழிகாட்டியும் வர வேண்டும். இல்லாவிட்டால் காப்புக்காட்டுக்குள் அத்துமீறல்.

எனக்கு இது நியாயமாகப் படவில்லை. அவலாஞ்சியும் எமரால்டும் மனிதர் கட்டிய இரட்டை அணைகள். குந்தா மின்திட்டத்துக்காகக் கனடா நாட்டின் உதவியோடு கட்டியவை. கரையை ஒட்டி நிற்பதில் பெரும்பகுதி சீகை என்கிற வாட்டில் மரமும், கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும், பைனும். தோல் பதனிடவும் செயற்கைப் பட்டு நூலுக்கும் விறகுக்கும் என்று நட்டு வளர்த்த தோட்டம் அது, ஆதிகாலச் சோலை இல்லை. அந்த மரங்களுக்கு நடுவே, ஏற்கெனவே இருக்கும் மண் பாதையில் நாலு பேர் நடந்தால் என்ன கெட்டுப்போகும்?

அப்புறம், அதே எமரால்டு பக்கத்தில் 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டத்துக்கு மலையைக் குடைந்து சுரங்கம் போடுகிறார்கள். லாரிகள் போகின்றன. அதெல்லாம் காட்டைத் தொந்தரவு செய்யாது, செருப்புக்கால் நடைதான் தொந்தரவு செய்யுமா?

2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்று அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தபோது மனம் நிறையச் சந்தோஷப்பட்டவன் நான். ஆனால் கட்டணத்தைப் பாருங்கள். மூன்று பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாள் நடை என்பது சில ஆயிரங்கள். மலையில் நடப்பது காசு உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆகக்கூடாது.

குந்தாச்சீமை

அண்ணா, நான் எமரால்டு பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பிறந்து வளர்ந்தவள். உங்கள் மகளின் ஆசை புரிகிறது. ஆனால் 'ஏரிக்கரை' என்று நீங்கள் சொல்வதைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

அது ஊர் ஏரியின் கரை மாதிரி இல்லை. மின்சாரத்துக்குத் தண்ணீர் எடுக்க எடுக்க மட்டம் இறங்கும், மழை பெய்தால் ஏறும். கோடையில் தண்ணீருக்கும் மரங்களுக்கும் நடுவே செம்மண் பட்டை ஒன்று அகலமாகத் தெரியும். மேலே வெயிலில் காய்ந்து ஓடு ஓடாக வெடித்திருக்கும். பார்த்தால் தரை. காலை வைத்தால் உள்ளே முழங்கால் வரை சேறு. எங்கள் வீட்டு எருமை ஒன்று அப்படி இறங்கி மாட்டிக்கொண்டு, ஆறு பேர் கயிறு கட்டி இழுக்க மத்தியானம் முழுக்க ஆனது. ஊர்ப் பிள்ளைகளுக்கு எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று தெரியும். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? வழிகாட்டி எதற்கு என்று கேட்டீர்களே, முதலில் இதற்கு.

நீரேற்றுத் திட்டம் பற்றிச் சொன்னீர்கள். எங்களுக்கும் அதில் மனவருத்தம் உண்டு. ஆனால் அது உங்கள் வாதத்துக்கு உதவாது. அது ஓடத் தொடங்கினால் மேலே இருக்கும் போர்த்திமந்து அணைக்குத் தண்ணீரை ஏற்றுவதும், மின்சாரம் தேவைப்படும் நேரத்தில் இறக்குவதுமாக இருக்கும். அதற்குப் பிறகு இந்தக் கரையில் தண்ணீர் நிற்கும் இடத்தை இப்போதைவிட இன்னும் நம்ப முடியாது.

சீகைக் காடு வெறும் தோட்டம்தானே என்றீர்கள். அந்தத் தோட்டத்துக்குள்தான் பகலில் காட்டெருமை படுத்துக்கிடக்கும். நிழல் அடர்த்தி. பதினைந்தடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. மூச்சுச் சத்தம்தான் முதலில் கேட்கும்.

போடிக்காரன்

எனக்குக் குந்தாவைப் பற்றித் தெரியாது. எங்கள் போடிப் பக்கத்துக் குரங்கணி மலை தெரியும்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்தவர்களைத் தீ வளைத்தது. கடைசிக் கணக்கில் 23 உயிர். அன்று இரவு முழுக்க எங்கள் தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை. அவர்களைக் காப்பாற்ற முதலில் மேலே ஓடியவர்கள் ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். கம்பிலும் போர்வையிலும் தூளி கட்டி, இருட்டில், பாறைச் சரிவில் தூக்கி வந்தார்கள். அப்படிப் போய்வந்த என் பெரியப்பா மகன் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை.

மார்ச்சில் எங்கள் மலையில் புல் ஆளுயரம் நிற்கும், காகிதம் போலக் காய்ந்து கிடக்கும். காற்று திரும்பினால் தீ மேல்நோக்கி ஓடுகிற வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. கீழே இறங்கத் தெரிந்தவன் பிழைப்பான், மேலே ஓடுபவன் மாட்டுவான். இதெல்லாம் நகரத்திலிருந்து வருகிறவருக்கு யார் சொல்வது? 'நாங்களே நடந்துகொள்கிறோம்' என்ற பேச்சை என்னால் அமைதியாகக் கேட்க முடியவில்லை, மன்னிக்கவும்.

சோலைக்குருவி (கோவை)

போடிக்காரரே, மன்னிப்பெல்லாம் வேண்டாம். அந்த வாரம் நானும் செய்தியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவன்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று போனவர்கள் தனித்தனியாக அலைந்தவர்கள் இல்லை. ஏற்பாடு செய்து குழுவாக அழைத்துப்போனார்கள், அழைத்துப் போனவர்களிலும் இறந்தவர்கள் இருக்கிறார்கள். ஆக, கூட ஒருவர் இருந்தால் போதும் என்று அந்தச் சம்பவம் நமக்குச் சொல்லவில்லை. தீக்காலத்தில் அந்தப் பாதையில் யாருமே இருந்திருக்கக் கூடாது, அதுதான் பாடம். இப்போது ஆண்டுதோறும் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மலையேற்றத்தை மூடுகிறார்கள். அதை முழுமனதோடு ஏற்கிறேன். மூடும் காலம் போக மீதி மாதங்களில் என்ன செய்யலாம் என்பதுதான் என் கேள்வி.

குந்தாச்சீமை அம்மா சொன்ன சேற்று விஷயம் எனக்குப் புதிது. ஒப்புக்கொள்கிறேன். தண்ணீரை ஒட்டி நடப்பது என்ற பேச்சை விட்டுவிடுகிறேன். மேலே மண்சாலை இருக்கிறதல்லவா, அதைப் பற்றிப் பேசுவோம்.

தெம்பனிஸ் நடையாளி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பாதை இருக்கிறது. காசு கிடையாது, வழிகாட்டி கிடையாது. பிரிகிற இடமெல்லாம் பலகை, தூரம் எழுதிய கல், சதுப்பான இடத்தில் மரப்பலகை நடைபாதை. மரங்களின் உச்சியை ஒட்டி 250 மீட்டர் தொங்குபாலம் ஒன்று, அதில் ஒருவழியாகத்தான் போக வேண்டும், திங்கள்கிழமை மூடிவிடுவார்கள். குரங்குக்குத் தீனி போட்டால் கடும் அபராதம். என் அம்மா எழுபது வயதில் அங்கே வாரம் ஒருமுறை தனியாக நடக்கிறார்.

அந்தக் காடும் ஒரு காலத்தில் காம்பீர் என்ற, தோல் பதனிட உதவும் செடியின் தோட்டங்களுக்காக அழிக்கப்பட்டு மறுபடி வளர்ந்ததுதான். நீர்த்தேக்கத்துக்கு மழைநீர் தேவை என்பதால் காடு காப்பாற்றப்பட்டது. மக்கள் நடக்க நடக்க அந்தக் காட்டின் மேல் அவர்களுக்குப் பிடிப்பு வந்தது. அதன் அடியில் ரயில் பாதை போகப்போகிறது என்றதும் குரல் கொடுத்தவர்களில் அங்கே நடப்பவர்கள் நிறையப் பேர். நடக்க விடாத காட்டுக்காக யார் பேசுவார்கள்?

குந்தாச்சீமை

அக்கா, உங்கள் அம்மா நடப்பது கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அங்கே யானை இல்லை, புலி இல்லை, காட்டெருமை இல்லை. எங்களுக்கு மேற்கே முக்குருத்தி தேசியப் பூங்கா, ஏறிப்போனால் அப்பர் பவானி. நடுவில் பல இடங்களில் போன் எடுக்காது. மழையையும் கணக்கில் எடுங்கள். 2019 ஆகஸ்டில் இதே அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. நேற்று இருந்த பாதை இன்று ஓடையாகிவிட்டிருக்கும். இந்த இடத்துக்கு 'அவலாஞ்சி' என்ற பேரே பழைய காலத்து நிலச்சரிவு ஒன்றால் வந்ததுதான். பலகை நட்டால் பலகையும் சேர்ந்துதான் சரியும்.

மட்டத்துப்புல்

காட்டுயிர் படிப்பு படிக்கிறேன், முதுமலைப் பக்கம் களப்பணி. ஒரு விஷயம் இந்த உரையாடலில் கலங்கிக் கிடக்கிறது. பிரித்துச் சொல்கிறேன்.

மேலே கொலாரிபெட்டா, தேவர்பெட்டா சிகரங்கள் பக்கம் இருப்பது சோலையும் புல்வெளியும். கீழே அணையைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் அயல் மரங்கள். இரண்டையும் 'காடு' என்ற ஒரே சொல்லில் போட்டுப் பேசினால் விவாதம் முடியவே முடியாது.

மட்டம் என்று இங்கே சொல்லும் அந்தப் புல்வெளியைப் பார்த்தால் வெற்றிடம் மாதிரி இருக்கும். உட்கார்ந்து விரலை விட்டுப் பாருங்கள். வேர்கள் பின்னிக்கிடக்கும், அடியில் கறுப்பு மண் ஈரமாக இருக்கும், வெயில் காலத்திலும். மழையைப் பிடித்து வைத்துச் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடுவது அதுதான். ஒரே தடத்தில் கூட்டம் நடந்தால் புல் தேய்ந்து, தடம் வாய்க்காலாகி, அடுத்த மழையில் கறுப்பு மண் ஓடிவிடும். வரையாடு மேய்வதும் அங்கேதான். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் 1,031 ஆடுகள்தான். அங்கே ஆள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதில் நான் முழுக்க குந்தாச்சீமை அக்கா பக்கம்.

கீழே உள்ள சீகைக் காட்டில் மண்சாலையில் நடப்பதால் சூழலுக்குப் பெரிய நட்டமில்லை. காட்டெருமை பிரச்சினை உண்டு, அது வேறு. ஒரே ஒரு எச்சரிக்கை: சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் ஒன்றாக முளைக்கும். ஆகவே அடுப்பு, சிகரெட் எதுவும் கூடவே கூடாது. விதை ஒட்டிக்கொண்டு வரும் என்பதால், கீழே நடந்த பூட்ஸோடு மேலே மட்டத்துக்கும் போகக் கூடாது.

சோலைக்குருவி (கோவை)

நன்றி தம்பி. எனக்கே தெளிவில்லாமல் இருந்ததை எடுத்துக்கொடுத்தீர்கள். மட்டத்தை நான் கேட்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

மண்சாலையில் வாரம் இரண்டு நாள், காலை எட்டிலிருந்து பதினொன்று வரை. உள்ளூர் வழிகாட்டியோடு என்றால் அதுவும் சரி. ஆனால் கட்டணம் ஆளுக்கு நூறு, இருநூறுக்குள் இருக்கட்டும். ஊட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம். தங்கள் வீட்டு விளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டாமா?

குந்தாச்சீமை

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன், அண்ணா.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். என் தம்பி வழிகாட்டிப் பயிற்சி எடுத்தவன். தீக்காலத்தில் இரண்டு மாதம் வேலை இல்லை, தென்மேற்கு மழை வலுத்தால் அப்போதும் இல்லை. வழிகாட்டியே வேண்டாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அவன் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது. பாதையை இலவசமாகத் திறந்துவிட்டால் அவன் மறுபடி கேரட் வயலுக்குக் கூலிக்குத்தான் போக வேண்டும். வாரம் இரண்டு நாள் உறுதியான நடை என்றால் அவனுக்கும் நல்லது.

போடிக்காரன்

மூடும் தேதியை எவர் சிபாரிசிலும் தளர்த்தக் கூடாது. மழை பெய்து பச்சை பிடித்திருந்தாலும் சரி. அது இல்லாத எதையும் நான் ஆதரிக்கமாட்டேன்.

சோலைக்குருவி (கோவை)

அதை முதல் வரியாகவே எழுதுகிறேன். அடுத்த திங்கள் ஊட்டி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். உள்ளூர்க்காரர் கையெழுத்து இல்லாமல் கொடுக்க எனக்கு மனமில்லை. குந்தாச்சீமை அம்மா, போடுவீர்களா?

குந்தாச்சீமை

ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்று எழுதாத மனுவில் போட மாட்டேன்.

சோலைக்குருவி (கோவை)

நாற்பது?

குந்தாச்சீமை

இருபது. அதையும் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பின்னால் வருபவரின் கூலியையும் மனுவில் எழுதுங்கள், பிறகு பேசுவோம்.