எங்கேஜ்மென்ட் ரேட்: ஈடுபாடா, துலங்கலா?

> முன்னாள் ஜெர்மனி ஹாக்கி வீரர் மோரிட்ஸ் ஃப்யூர்ஸ்டே பற்றிய கட்டுரையில் எங்கேஜ்மென்ட் ரேட் (சமூக ஊடகப் பதிவுக்கு விருப்பம், கருத்து போன்றவை எந்த அளவுக்கு வருகின்றன என்ற கணக்கு) வருமிடமெல்லாம் 'ஈடுபாட்டு விகிதம்' என்றே போட்டுவிடலாமா?

ஐயா, வணக்கம்.

வேண்டாம் என்பேன். ஈடுபாடு மனத்துக்குள் இருப்பது. ஃப்யூர்ஸ்டேயின் ஆட்டத்தை 2006 உலகக் கோப்பையிலிருந்து ஒன்றுவிடாமல் பார்த்த ரசிகர், அவர் பதிவைப் படித்துவிட்டு எதையும் தொடாமல் நகர்ந்தால் இந்தக் கணக்கில் பூஜ்யம். ஹாக்கி மட்டையையே பிடித்தறியாத ஒருவர் போகிற போக்கில் இதயக் குறியைத் தட்டினால் ஒன்று. எண்ணுவது விருப்பம், கருத்து, பகிர்வு, சேமிப்பு என்ற செயல்களைத்தான்.

நம் அறிவியல் பாடநூல்களில் தூண்டல், துலங்கல் என்ற இணை உண்டு. தொட்டாற்சிணுங்கியைத் தொடுவது தூண்டல், இலை மூடுவது துலங்கல். இங்கே பதிவு தூண்டல், தட்டுவது துலங்கல். ஆகவே 'துலங்கல் வீதம்'. விகிதம் என்பது 3:2 போன்றதற்கு. நூற்றுக்கு இத்தனை என்றால் சதவீதத்தில் உள்ள வீதமே பொருந்தும்.

அடுத்தது, துலங்கல்களின் எண்ணிக்கையை எதனால் வகுப்பது? ஃப்யூர்ஸ்டே விஷயத்தில் பிழை இங்கேதான் நுழையும். 2008 பெய்ஜிங்கில் அவர் தங்கம் வென்றபோது இன்ஸ்டாகிராமே கிடையாது. அது 2010இல்தான் வந்தது. 2012 லண்டன் தங்கம், 2016 ரியோ வெண்கலம், கலிங்கா லான்சர்ஸ் அணித்தலைவராக 2017இல் வென்ற ஹாக்கி இந்தியா லீக் எல்லாம் சேர்த்துத் தந்தது ஒரு ரசிகர் கூட்டம். ஹைராக்ஸ் போட்டியை அவர் 2017இல் கூட்டாகத் தொடங்கினார்: 1 கி.மீ. ஓட்டம், ஓர் உடற்பயிற்சி என்று எட்டுச் சுற்று. அதற்காக வருபவர்கள் வேறு கூட்டம். ரீல்ஸோ இரண்டிலும் சேராதவர்களுக்கும் போய்ச் சேரும்.

பின்தொடர்வோர் 1,00,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படம் 40,000 பேரைச் சென்றடைந்து 2,000 துலங்கல் பெறுகிறது. ஒரு ரீல் 4,00,000 பேரைச் சென்றடைந்து 12,000 பெறுகிறது. பின்தொடர்வோரால் வகுத்தால் படம் 2%, ரீல் 12%. சென்றடைந்தவர்களால் வகுத்தால் படம் 5%, ரீல் 3%. முடிவு தலைகீழாகிறது! எனவே 'சென்றடைவுத் துலங்கல் வீதம்', 'பின்தொடர்வோர் துலங்கல் வீதம்' என இரண்டு சொற்கள் தேவை.

> 'சென்றடைவுத் துலங்கல் வீதம்', 'பின்தொடர்வோர் துலங்கல் வீதம்'

தம்பி, இரண்டையும் ஏற்கிறேன். ஒரே தடை: வினையாக்கினால் சொல் வழுக்குகிறது. 'ரசிகர்கள் துலங்கினார்கள்' என்றால் ஒளிர்ந்தார்கள் என்றுதான் படிப்பார்கள். 'துலங்கல் தந்தார்கள்' என்றும் ஓடவில்லை.

ஐயா, மெய்தான். பெயர்ச்சொல்லாக மட்டும் ஆள்வோம். வினை வரும்போது 'விரும்பினர்', 'பகிர்ந்தனர்' என்று நடந்த செயலையே எழுதலாம். கட்டுரையில் முதல்முறை வரும் இடத்தில் எதனால் வகுத்தோம் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்.