சில்காவுக்குப் பிள்ளையை அனுப்பிய பெற்றோரின் அனுபவங்கள்

சிவகங்கைத் தாய்:

மகன் ஒடிசாவில் உள்ள கடற்படை மாலுமிப் பயிற்சி நிலையமான சில்காவுக்குப் போய்ச் சேர்ந்த 12ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணியளவில், அறியாத எண் ஒன்றிலிருந்து வந்த அழைப்பை நான் எடுக்கவில்லை. அதற்கு முந்தைய வாரம் முழுவதும் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லிக் கடவு எண் கேட்டவர்களின் தொல்லை இருந்தது. இதுவும் அத்தகையதே என்று எண்ணி, அடுப்பில் கொதித்த குழம்பைக் கிளறிக்கொண்டே மணியோசை அடங்கும்வரை நின்றேன். அன்று பிள்ளைகள் வீட்டுக்குப் பேசும் ஞாயிற்றுக்கிழமை என்பது பத்து நிமிடம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு அந்த எண்ணை மீண்டும் மீண்டும் அழைத்தேன். நான்காம் முறை யாரோ ஒருவர் எடுத்து இந்தியில் பேசினார். எனக்குத் தெரிந்த இந்திச் சொல், மகன் என்று பொருள்படும் 'பேட்டா' ஒன்றுதான். ஆகவே "பேட்டா, பேட்டா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாக எதையோ விளக்கிவிட்டு வைத்துவிட்டார். அவர் சொன்னது இன்றுவரை எனக்குத் தெரியாது.

புறப்படும் முன் எதையும் நான் விட்டுவைக்கவில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களின் அசல்கள், இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்புப் படிவம், ஒரே அளவில் எடுத்த புகைப்படங்கள் என அனைத்தையும் உறைகளில் இட்டு மேலே பெயர் எழுதினேன். காதில் அழுக்கும் பல்லில் காரையும் இருக்கக்கூடாது என்று அறிவிப்பிலேயே இருந்ததால், மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரண்டையும் சுத்தம் செய்தோம். அவனுடைய கைபேசி அவனிடம் இருக்காது என்பதும் தெரியும். அப்படியிருக்க, அவன் வேறோர் எண்ணிலிருந்துதான் பேச முடியும் என்பதை மட்டும் நான் ஏன் எண்ணிப் பார்க்கவில்லை? வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் எண்ணை அழுத்தி, மணி அடித்து ஓய்வதைக் கேட்டபின் அவன் அடுத்தவனுக்கு வழிவிட்டு நகர்ந்திருப்பான். அந்தக் காட்சி என்னை விட்டுப் போகவில்லை.

மண்டபம் கடலோரத் தந்தை:

அம்மா, அழைப்பை எடுத்தும் தவறு செய்தவன் நான். என் மகன் ஆறு வயதிலிருந்து கடலில் நீந்துபவன். வல்லத்திலிருந்து குதித்து வலையின் சிக்கலை எடுத்துவிட்டு ஏறுவான். மற்றப் பிள்ளைகள் இந்தியை நினைத்தும் ஓட்டத்தை நினைத்தும் கலங்கியபோது, நீச்சல் என்ற ஒன்றில் இவனுக்குக் கவலையே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் அழைத்தவன், "அப்பா, எனக்கு நீந்தத் தெரியாதாம்" என்றான். நான் சிரித்துவிட்டேன். அது கேலிச் சிரிப்பன்று. நம்ப முடியாமல் வந்த சிரிப்பு. ஆனால் மறுமுனையில் அவன் பேச்சு நின்றுவிட்டது. பேசக் கொடுத்திருந்த சில நிமிடங்களில் பெரும்பகுதி அந்த மௌனத்திலேயே கழிந்தது.

காரணம் பின்னர்தான் விளங்கியது. நாங்கள் அலையைப் பார்த்து நீந்துகிறவர்கள் என்பதால் தலையை எப்போதும் நீருக்கு மேலே வைத்திருப்போம். குளத்தில் முகத்தை நீருக்குள் வைத்து, மூச்சைப் பக்கவாட்டில் திரும்பி எடுக்க வேண்டும். உயரமான பலகையிலிருந்து கால்களைச் சேர்த்து நேராகக் குதிக்க வேண்டும். எங்கள் பிள்ளை கடலில் கற்றதை மறந்துவிட்டுப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. அதுவே தண்ணீரைக் காணாத ஊர்ப்பிள்ளையைவிட அவனுக்குக் கடினமாக இருந்தது. அதை அவன் என்னிடம் சொல்ல வந்த நேரத்தில் நான் சிரித்தேன்.

முன்னாள் மாலுமி:

நான் 1990களில் சில்காவில் பயிற்சி பெற்றவன். எங்களுக்குத் தொலைபேசி என்பதே இல்லை. என் தாயார் எழுதிய முதல் இன்லேண்டு கடிதத்தில், நான் வளர்த்த நாய் இறந்துவிட்டது என்ற ஒரு வரி இருந்தது. ஏரிக்கரைக் காற்றில் கொடிமேடை அருகே நின்று அதைப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

அதனால் பெற்றோருக்குச் சில செய்திகளைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். முதலாவதாக, வீட்டில் நடக்கும் துயரச் செய்திகளைப் பயிற்சிக் காலத்தில் அவசியமின்றிச் சொல்லாதீர்கள். இரண்டாவதாக, பெட்டியை நிரப்பாதீர்கள். சீருடை, காலணி, விளையாட்டு உடை அனைத்தும் அங்கேயே கொடுப்பார்கள். முறுக்கும் அதிரசமும் முதல் நாளிலேயே அறையில் உள்ள அனைவருக்கும் பங்காகிவிடும். அதைத் தவறென்று சொல்லவில்லை, ஆனால் மூன்று டப்பாக்களைச் சுமந்து இரயில் மாறுவது பிள்ளைதான். மூன்றாவதாக, தேர்வுக்கான 1.6 கிலோமீட்டரை 6 நிமிடம் 30 விநாடியில் ஓடி முடித்துவிட்டோம் என்று அத்துடன் ஓட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். தேர்வுக்கும் அழைப்புக் கடிதத்துக்கும் இடையே மாதங்கள் கடந்துவிடுகின்றன. அந்த மாதங்களில் வீட்டுச் சாப்பாட்டில் உடல் பெருத்து, கால் தளர்ந்து போகிறவர்கள்தான் முதல் மூன்று வாரங்களில் துன்பப்படுகிறார்கள். எனவே நாள்தோறும் அதிகாலையில் எழுப்பி ஓட வையுங்கள். நான்காவதாக, 'சாவ்தான்' (நேராக நில்), 'விஷ்ராம்' (தளர்ந்து நில்), 'தாஹினே முட்' (வலப்புறம் திரும்பு), 'பாயேம் முட்' (இடப்புறம் திரும்பு) ஆகிய நான்கு இந்திக் கட்டளைகளையாவது காது பழகும்படி வீட்டில் சொல்லிக் காட்டுங்கள். நம் பிள்ளைகள் முதல் வாரத்தில் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துத் திரும்புவதால் அரை விநாடி தாமதமாகிறார்கள். அந்த அரை விநாடிக்காகத் தனியே ஓட வேண்டியிருக்கும். பச்சை குத்துவது குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் இருந்தால் மட்டுமே அனுமதி உண்டு. திருவிழாவில் தோளில் குத்திக்கொண்டு வந்துவிட்டு அழும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் வருத்தத்துடன் குறிப்பிடுகிறேன். எங்கள் காலத்தில் 15 ஆண்டுப் பணி, அதன்பின் ஓய்வூதியம் என்ற உறுதி இருந்தது. இன்று அக்னிபத் திட்டத்தின்படி நான்கே ஆண்டுப் பணிக்குப் பிள்ளையை இவ்வளவு வருத்துவது தகுமா என்று பெற்றோர் முதலிலேயே சிந்திக்க வேண்டும்.

திருவண்ணாமலை மாவட்டத் தந்தை:

ஐயா, உங்கள் அறிவுரைகள் பயனுள்ளவை. ஆனால் கடைசிப் பத்தியை என்னால் ஏற்க முடியவில்லை. அக்னிபத் திட்டம் 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்டபோது நானும் கொதித்தவன்தான். நால்வரில் ஒருவருக்கு மட்டுமே பணி தொடரும் என்பதும் ஓய்வூதியம் இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. அதையெல்லாம் மகனுடன் அமர்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 பணி முடிவில் தரப்படும் நிதிக்காகப் பிடிக்கப்பட, கையில் 21,000 வரும். நான்காம் ஆண்டில் 40,000 ஆகும். முடிவில் அரசின் சமபங்கும் வட்டியும் சேர்ந்து ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும். எங்கள் ஊரில் அந்த வயதுப் பிள்ளைகள் வெளியூர்த் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்து, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு எதைக் கையில் கொண்டு வருகிறார்கள் என்பதையும் அதே தாளின் மறுபுறத்தில் எழுதினோம். இதை நான் திட்டத்துக்கு வக்காலத்தாகச் சொல்லவில்லை. முதல் அணியினர் நான்காண்டுகளை முடித்து வெளிவரும்போது அவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பொறுத்தே இதைத் தீர்மானிக்க முடியும். ஆனால் சிந்திக்காமல் அனுப்பினோம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

என்னை உறுத்துவது வேறு. அந்தத் தாளை எழுதி முடித்தபின், "நான்கு வருடத்தில் திரும்பி வந்தால் எனக்கு 22 வயதுதானே, அப்பா?" என்று அவன் கேட்டான். ஆம் என்றேன். "அப்போது வேலை இல்லாமல் வீட்டில் இருந்தால் நீங்கள் ஏதும் சொல்ல மாட்டீர்களே?" என்றான். பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை தந்தையிடம் அப்படி முன்கூட்டி உறுதி கேட்கும் அளவுக்கு நான் இவ்வளவு காலம் என்னென்ன பேசியிருக்கிறேன் என்று அன்றிரவு முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வேலூர்த் தாய்:

மகளை அனுப்பியவர்கள் இங்கு குறைவாக இருப்பதால் எழுதுகிறேன். அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த அக்னிவீர்களின் முதல் அணியின் பயிற்சி நிறைவு அணிவகுப்பு 2023 மார்ச் 28 அன்று சில்காவில் சூரியன் மறைந்தபின் விளக்கொளியில் நடந்தது. ஏறத்தாழ 2,600 பேரில் 272 பேர் பெண்கள். கடற்படையில் அதிகாரிகளாக அல்லாமல் மாலுமிகளாகவே பெண்கள் சேர்ந்தது அதுவே முதல் முறை. அப்போதைய கடற்படைத் தளபதி அட்மிரல் ஆர். ஹரிகுமார் மரியாதையை ஏற்றுக்கொண்டதையும் விருந்தினராகப் பி.டி. உஷா அமர்ந்திருந்ததையும் காணொலியில் என் மகள் எத்தனை முறை பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை. பெண்களுக்கு 1.6 கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்று தெரிந்ததும், விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடத் தொடங்கினாள். பெண்பிள்ளையை இருட்டில் தனியே விட முடியாமல், அவள் அப்பா மிதிவண்டியில் பின்னால் சென்றார்.

பயிற்சி முடிந்து விடுப்பில் வந்த முதல் இரவில் எனக்கு நான்கு மணிக்கு விழிப்பு வந்தது. அவள் பாயைச் சுருட்டி, போர்வையை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து வைத்துவிட்டு, முழு உடையணிந்து, முற்றத்தில் கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். "என்னடி செய்கிறாய்?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லை அம்மா, இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை" என்றாள். எட்டு மணிக்கு எழுப்பினாலும் எழாதவள். எனக்குப் பெருமையாக இருந்ததா, அச்சமாக இருந்ததா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அடுக்களை விளக்கைப் போட்டு, அவளுக்கும் எனக்குமாகக் காப்பி போட்டேன். விடியும்வரை இருவரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.

முன்னாள் மாலுமி ஐயா துயரச் செய்தியைச் சொல்லக்கூடாது என்கிறார். நான் அதில் மாறுபடுகிறேன். பயிற்சியின் நடுவில் என் மாமியார் காலமானதை நாங்கள் மறைத்தோம். விடுப்பில் வந்த மகள் வாசலிலேயே, "ஆயா எங்கே?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நிலை யாருக்கும் வேண்டாம்.

முன்னாள் மாலுமி:

சகோதரி, நீங்கள் சொல்வது சரி. நாயின் இறப்பையும் ஆயாவின் இறப்பையும் நான் ஒரே தட்டில் வைத்திருக்கக்கூடாது. நெருங்கிய உறவினரின் இழப்பைப் பயிற்சி அதிகாரிகள் வழியாகத் தெரிவிப்பதே முறை. தனியாக ஒரு மூலையில் நின்று தொலைபேசியில் கேட்பதைவிட, அருகில் ஒருவர் இருக்கும்போது பிள்ளைக்கு அது தெரிவது நல்லது.

தஞ்சைத் தந்தை:

என் மகன் பத்தாம் வகுப்புத் தகுதியில் எம்.ஆர் (மெட்ரிக் ரெக்ரூட்) பிரிவில் சேர்ந்து, சமையல் பணிக்கு ஒதுக்கப்பட்டான். ஒரு திருமண வீட்டில், "சோறாக்கவா இவ்வளவு தூரம் அனுப்பினாய்?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். போர்க்கப்பலில் சமைப்பவனும் அதே அணிவகுப்பில் நடந்து, அதே நீச்சலைக் கற்று, அதே துப்பாக்கியைத் தூக்கியவன்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் வாய் வரவில்லை, இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் எனக்குப் பதிலாக, "ஆமாம் மாமா, ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு" என்று பணிவாகச் சொன்னான்.

சிவகங்கைத் தாய்:

அனைவருக்கும் நன்றி. அடுத்த அழைப்பு வந்ததா என்று தனியே சிலர் கேட்டிருந்தார்கள். வந்தது. அந்த வாரம் முழுவதும் குளியலறைக்குக்கூடக் கைபேசியை எடுத்துச் சென்றேன். வங்கிக்காரர்களாகப் பேசியவர்களின் அழைப்புகள் அத்தனையையும் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். முந்தைய வாரத்தைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எண்ணி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் மறந்துபோய், சாப்பிட்டாயா, கால் வலிக்கிறதா என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்று பதில் சொன்னவன், கடைசியில், "அம்மா, கருப்பி குட்டி போட்டுவிட்டதா?" என்று கேட்டான். கருப்பி எங்கள் வீட்டு வெள்ளாடு. போட்டுவிட்டது என்றேன், எத்தனை என்று சொல்வதற்குள் அழைப்பு முடிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு மணி அடித்ததும், ஹலோ என்றுகூடச் சொல்லாமல், "மூன்று குட்டி, இரண்டு கிடா" என்றேன்.