180 லீற்றர் எங்கே போகிறது?

மல்லாவிப் பிள்ளை:
வணக்கம். தம்பி இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறான். நேற்றிரவு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கப் போய் நானே மாட்டுப்பட்டேன். சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லீற்றர் வடிக்கின்றனவாம், வெளியேறுவது 1.5 லீற்றர் அளவுதானாம். எங்கள் கிணற்றடியில் நிற்கும் நீலப் பரலே 200 லீற்றர். "அக்கா, உடம்பிலே அவ்வளவு தண்ணி இல்லையே, பிறகு எதை வடிக்குது?" என்கிறான். ஐயாவும் விடவில்லை: "உழவு நாளிலே எனக்கு ஒரு சிரட்டைகூட வராது, அதுவும் வெறுந்தேத்தண்ணி நிறம்" என்றார். இரண்டுக்கும் யாராவது பதில் சொல்லுங்கோ.

பாலையடி:
சல்லடை மாதிரித்தான். இரத்தத்தில் உள்ள கழிவை மட்டும் பிடித்து வெளியே விடும். நல்லது உள்ளேயே நிற்கும்.

பழைய வாத்தியார்:
தம்பி பாலையடி, நானும் முதல் ஐந்து வருடம் அப்படித்தான் படிப்பித்தேன். ஒரு நாள் துணுக்காயில் ஒரு மாணவி, "கழிவு எது என்று சிறுநீரகத்துக்கு எப்படித் தெரியும் சேர்?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் என் பிழை எனக்கு விளங்கியது.

என் ஆச்சி, வெற்றிலையும் காசும் வைக்கிற ஓலைப் பெட்டியான கொட்டப்பெட்டிக்குள் சில்லறை தேடினால் தடவிக்கொண்டிருக்க மாட்டா. பாயில் அப்படியே கவிழ்ப்பா. காசு, பாக்கு, நல்ல வெற்றிலை எல்லாம் திரும்ப உள்ளே போகும். காய்ந்த காம்பும் தூசும் பாயில் கிடக்கும். சிறுநீரகம் செய்வதும் அதுதான் பிள்ளை.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 இலட்சம் சிறுநீரகத்திகள், அதாவது வடிக்கிற நுண்ணிய அலகுகள். அவற்றின் தொடக்கத்தில் கலன்கோளம் என்ற மயிர்க்குழாய் முடிச்சு. உள்ளே வரும் குழாயைவிட வெளியே போகும் குழாய் ஒடுக்கம். அதனால் அழுத்தம் கூடி, நீர், உப்பு, குளுக்கோசு, யூரியா எல்லாம் அந்த முடிச்சைச் சுற்றிக் கிண்ணம்போல இருக்கும் போமனின் உறைக்குள் கொட்டுப்படும். குருதிக் கலங்களும் பெரிய புரதங்களும் மட்டும் தாண்டாது. அடுத்து வரும் சிறுகுழாய்தான் பொறுக்குகிற இடம்: முதல் வளைவிலேயே நீரில் மூன்றில் இரண்டு பங்கு இரத்தத்துக்குத் திரும்பிவிடும், சுகதேகியில் குளுக்கோசு முழுவதும். யூரியாவில்கூடப் பாதியளவு திரும்பிப் போகும். ஆச்சியும் சில காம்புகளைத் தவறி எடுத்துப் போட்டவதான்.

இப்ப தம்பியின் கேள்வி. கலங்களை நீக்கினால் குருதியின் திரவம் 3 லீற்றர்தான். அதே 3 லீற்றர் ஒரு நாளைக்கு 60 தடவை கவிழ்ந்து, 60 தடவையும் பொறுக்கப்படுகிறது. பரல் தேவையில்லை, ஒரு சின்ன வாளி காணும்.

ஐயாவுக்கு: வெயிலில் வியர்த்தால் குருதி தடிக்கும். உடனே மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியிலிருந்து, நீரை மிச்சம் பிடிக்கச் சொல்லும் ஏ.டி.எச். ஓமோன் கூடுதலாக வரும். சிறுகுழாய்களின் முடிவிலுள்ள சேர்க்கும் கான்கள் கடைசி நீரையும் இழுத்துவிடும். நிறப்பொருள் அதேயளவு, தண்ணீர் குறைவு. அதுதான் தேத்தண்ணி நிறம். ஆனால் கழிவைக் கரைத்து அனுப்ப நாளுக்கு அரை லீற்றராவது வேண்டும். நாள் முழுக்க ஒரு சிரட்டை என்றால் அது சரியில்லை. வரம்பில் ஒரு போத்தல் வைக்கச் சொல்லுங்கோ.

வவுனியா தெற்கு:
வாத்தியார் சொன்னதோடு ஒன்று. எங்கள் சித்தப்பாவும் வயல்காரர். தண்ணீர் நன்றாகக் குடிப்பார், சிறுநீரும் தெளிவு, நோவும் இல்லை. ஒரு நாள் இரத்தத்தில் கிறியற்றினின் என்ற கழிவின் அளவைப் பார்த்தபோதுதான் சிறுநீரகம் பாதி பழுதென்று தெரிந்தது. எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு வரும் சிறுநீரக நோய்க்கு எது காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். நுரை நிற்கிறதென்றால் புரதம் தாண்டுகிறதா என்று சோதிக்க வேணும். நோவுக்குளிசைகளைக் கடையில் வாங்கி விழுங்குவதையும் ஐயா விட வேணும்.

மல்லாவிப் பிள்ளை:
நன்றி சேர், நன்றி அண்ணா. ஐயாவைத் திங்கட்கிழமை இரத்தம் சோதிக்கக் கூட்டிப்போகிறேன். நாரி நோவுக்குக் குளிசை போடுகிறவர்தான். பரீட்சைத் தாளில் கொட்டப்பெட்டி என்று எழுதலாமா என்று தம்பி கேட்கிறான்.

பழைய வாத்தியார்:
வேண்டாம். திருத்துகிறவருக்கு ஆச்சி இருந்திருக்கவேண்டுமே. போமனின் உறை என்றே எழுதச் சொல்லுங்கோ.