காசு குடுத்து வரைய சொன்னா காப்பிரைட்டும் அவங்களுக்கே போயிடுமா?

மைக்கூடு:
எல்லாருக்கும் வணக்கம். ஃப்ரீலான்ஸா குழந்தைங்க புக்குக்கு படம் போடறேன். போன வருஷம் ஒரு பதிப்பகத்துக்கு ஒரு கதை புக் முழுசா பண்ணி குடுத்தேன், அட்டை பேப்பர்ல வாட்டர்கலர், உள்ள இருக்கறதெல்லாம் டேப்லெட்ல போட்ட கோட்டுப்படம். அக்ரிமென்ட்லாம் போடல, வாட்ஸப்ல பேசினதுதான், "இந்த புக்குக்கு படம் வேணும், இவ்ளோ தர்றோம்"னு அவங்க அனுப்புன மெசேஜ் இருக்கு, என் இன்வாய்ஸ் இருக்கு, காசும் முழுசா வந்துருச்சு, அதுல ஒரு குறையும் இல்ல. இப்ப புத்தகக் கண்காட்சிக்கு போனா அதே படங்கள வச்சு காலண்டர், காபி மக்னு ஸ்டால் நிறைய அடுக்கி வச்சிருக்காங்க, அதுலயும் காலண்டர்ல ஓரத்துல இருந்த என் கையெழுத்த வெட்டிட்டாங்க. கேட்டா "நாங்கதானம்மா காசு குடுத்தோம்"ங்கறாங்க. இப்ப ஒரு அக்ரிமென்ட் அனுப்பி போன வருஷ தேதியில கையெழுத்து போட சொல்றாங்க, 'வொர்க் ஃபார் ஹயர்'னு ஏதோ இருக்கு அதுல. சண்டை போட ஆசையில்ல, அடுத்த புக்கும் அவங்கதான் தரணும். சட்டம் யார் பக்கம்?

டீக்கடை_பெஞ்ச்:
கூலி வாங்கிட்ட கொத்தனார் வீடு என்னுதுன்னு கேப்பாரா? காசு வாங்கியாச்சுல்ல, விடுங்க.

கோர்ட்டுவாசல்:
கொத்தனார் கணக்கு இங்க செல்லாது சகோ. 1957 காப்பிரைட் சட்டம் 17வது பிரிவு ஆரம்பிக்கறதே படைச்சவர்தான் முதல் ஓனர்னுதான். மாச சம்பளத்துல இருக்கறவங்க அந்த வேலையா செஞ்சா முதலாளிக்கு போகும், இவங்க ஃப்ரீலான்ஸ், அது பொருந்தாது. மைக்கூடு, நீங்க பாக்க வேண்டியது இன்னொரு விதிவிலக்கு. ஒருத்தர் காசு குடுத்து சொல்லி பண்ற போட்டோ, பெயின்டிங், போர்ட்ரெய்ட், என்கிரேவிங், சினிமா, இதுக்கெல்லாம் வேற மாதிரி பேசிக்கலன்னா சொன்னவர்தான் முதல் ஓனர். அந்த வரிசையில டிராயிங் இல்ல. அது தெரியாம விட்டதுன்னு சொல்லவும் முடியாது, ஏன்னா 2வது பிரிவுல கலைப்படைப்புன்னா என்னன்னு சொல்றப்ப பெயின்டிங் தனி டிராயிங் தனின்னு ரெண்டையும்தான் போட்டிருக்கு. அதனால உள்பக்க கோட்டுப்படம் உங்களுதுன்னு தெம்பா பேசலாம், அவங்களுக்கு இருக்கறது அந்த புக்குல போட்டுக்க அனுமதி மட்டும்தான், அதுக்கு அந்த "இந்த புக்குக்கு"ங்கற மெசேஜே நல்ல ஆதாரம், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க. சிக்கல் அட்டையில. வாட்டர்கலர்னா அது பெயின்டிங்தானேன்னு அவங்க வக்கீல் எந்திரிச்சு நிப்பாரு, அதுல வலு இருக்கு. ஒரே புக்குல அட்டை அவங்களுக்கு உள்பக்கம் உங்களுக்குன்னு ஆகறது கூத்துதான், ஆனா சட்டம் அப்படித்தான் எழுதியிருக்கு.

ஃப்ளாஷ்_பாண்டி:
எங்க பொழப்ப கேளுங்க. கல்யாண வீட்ல முந்தின நாள் நிச்சயத்துல இருந்து கட்டுசாதம் வரைக்கும் நின்னு எடுக்கறோம், ஆனா ஒன்னும் எழுதிக்கலன்னா படம் நம்மள கூப்ட்டு காசு குடுத்த வீட்டுக்குதான் சொந்தம், நம்ம பேஜ்ல போடக்கூட அவங்கள கேக்கணும். அதான் இப்ப புக்கிங் ஃபார்ம்லயே காப்பிரைட் ஸ்டுடியோவுக்கு, பார்ட்டி சொந்த உபயோகத்துக்கு எவ்ளோ வேணாலும் பிரின்ட் போட்டுக்கலாம்னு ஒரு வரி போட்டு அட்வான்ஸ் வாங்கறப்பவே கையெழுத்து வாங்கிடறது. யாரும் ஏன்னு கேட்டதில்ல.

மைக்கூடு:
நன்றி கோர்ட்டுவாசல். அட்டை விஷயம் கேட்டு வயித்த கலக்குது. கையெழுத்த வெட்டினதுக்கு ஏதாவது வழி இருக்கா? அப்புறம் அந்த வொர்க் ஃபார் ஹயர்னா என்ன?

ப்ரூஃப்_அக்கா:
நான் ரொம்ப நாள் பதிப்பகத்துல எடிட்டரா இருந்தவ, அந்தப் பக்கத்து நியாயமும் தெரியும், ஆனா பழைய தேதி போட்டு கையெழுத்து மட்டும் போட்றாதம்மா. அவங்களே பழைய தேதி கேக்கறாங்கன்னா கையில பேப்பர் இல்லன்னு அவங்களுக்கே தெரியுதுன்னுதானே அர்த்தம். உரிமைய மாத்தி குடுக்கணும்னா 19வது பிரிவுபடி எழுத்துல இருக்கணும், நீ கையெழுத்து போட்டிருக்கணும், எந்த படைப்பு, என்ன உரிமை, எவ்ளோ காலம், எந்த ஊருக்குன்னு இருக்கணும். காலம் எழுதலன்னா 5 வருஷம், ஊர் எழுதலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். வாங்கின உரிமைய ஒரு வருஷம் பயன்படுத்தாம வச்சிருந்தா, வேற மாதிரி எழுதலன்னா அது காலாவதி. பெரிய இடத்து அக்ரிமென்ட்ல இந்த ஒரு வருஷ விதி எங்களுக்கு வேணாம்னு ஒரு வரி ஒளிஞ்சிருக்கும், தேடிப் பாரு.

வொர்க் ஃபார் ஹயர்னா வரைஞ்சவர விட்டுட்டு, செய்ய சொன்னவங்களையே படைச்சவரா எடுத்துக்கறது. அது அமெரிக்கா சரக்கு, யாரோ நெட்ல இருந்து எடுத்து ஒட்டியிருக்காங்க. அங்கயே வெளியாள் செஞ்ச வேலைன்னா சட்டத்துல சொன்ன 9 வகையில ஒன்னா இருந்து ரெண்டு பேரும் எழுதி கையெழுத்தும் போட்டாதான் செல்லும். ஜேம்ஸ் ஏர்ல் ரீட்னு ஒரு சிற்பி வழக்குல, அவர் வெளியாள்தான், வேலைக்காரர் இல்லன்னு 1989ல அங்க சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. நம்ம சட்டத்துல அந்த வார்த்தையே கெடையாது. ஆனா அதுக்கு அடுத்த வரியில "இல்லன்னா எல்லா உரிமையும் மாத்தி தர்றேன்"னு இருக்கும், ஆள கவுக்கறது அதுதான்.

கையெழுத்துக்கு 57வது பிரிவு. காப்பிரைட்ட வித்துட்டாக்கூட இது நான் வரைஞ்சதுன்னு சொல்ற உரிமை உங்கிட்டதான். டெல்லி விஞ்ஞான் பவன்ல அமர் நாத் சேகல் அரசாங்கத்துக்காக பண்ண பெரிய சுவர்ச்சிற்பத்த பேத்து எடுத்து குடோன்ல போட்டுட்டாங்க, 2005ல டெல்லி ஹைகோர்ட் 5 லட்சம் நஷ்டஈடு, மிச்சமிருக்கறத அவர்கிட்டயே குடுங்கன்னு தீர்ப்பு. உன் கேஸ் அவ்ளோ பெருசில்ல, ஒரு மெயில் போட்டா அடுத்த பிரின்ட்ல பேரு வந்துரும்.

மைக்கூடு:
அக்கா, அப்ப அவங்களுக்கு என்னதான் பதில் போடறது?

ப்ரூஃப்_அக்கா:
நோட்டீஸ் எல்லாம் இப்ப வேணாம். இன்னைக்கு தேதியில ஒரு லைசன்ஸ் நீயே எழுதி அனுப்பு, காலண்டருக்கும் மக்குக்கும் மட்டும், இத்தன வருஷம், பீஸுக்கு இவ்ளோ ராயல்டி, பேர் போடணும், ஏற்கனவே வித்ததுக்கும் கணக்கு. அட்டைக்கு தனி ரேட் பேசாத, உள்பக்கத்தோட சேத்தே பேசு, பிரிச்சா அவங்க 17ஐ தூக்கிட்டு வருவாங்க. அந்த வாட்டர்கலர் ஒரிஜினல் எங்க இருக்கு?

மைக்கூடு:
என்கிட்டதான், ஸ்கேன்தான் அனுப்புனேன்.

ப்ரூஃப்_அக்கா:
நல்லது. கேட்டாலும் இப்போதைக்கு குடுக்காத. பேப்பர் வேற, காப்பிரைட் வேறதான், ஆனா பேச்சு முடியற வரைக்கும் உங்கிட்டயே இருக்கட்டும்.