பொட்டென்ஷியலை எடிட் செய்தால் ஆட்டக்காரர் நிஜமாகவே வளர்வாரா?

இடதுகை பிட்சர்:
பேஸ்பால் அணியை நிர்வகிக்கும் கணினி கேமான அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பாலில் 19 வயது ஷார்ட்ஸ்டாப் (ஒரு ஃபீல்டிங் இடம்) ஒருவனுக்கு, எதையும் எடிட் செய்யவிடும் கமிஷனர் மோடில் போய் பவர் பொட்டென்ஷியலை (பந்தை வலுவாக அடிப்பதில் அவன் எட்டக்கூடிய உச்சத்தை) 45-இலிருந்து 70 ஆக்கினேன். மூன்று சீசன் கழித்து அது 55-இல் நிற்கிறது. காயமே இல்லை. நாம் எடிட் செய்ததைக் கேம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கே இழுத்துவிடுகிறது என்றுதான் தோன்றுகிறது.

ஹோம்பிளேட்:
இல்லை நண்பரே. அந்த 70 நீங்கள் போட்டதா, டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுப்பதில்) தானாக வந்ததா என்று கேமுக்குத் தெரியாது. டேலன்ட் சேஞ்ச் ராண்டம்னெஸ் என்ற செட்டிங் இருக்கிறதே, மாற்றாமல் விட்டால் 100. அதுதான் எல்லாருடைய பொட்டென்ஷியலையும் ஏற்றி இறக்குகிறது. இன்னொன்று, ஸ்கவுட்டிங் ஆன் செய்திருந்தால் திரையில் தெரிவது, திறமையை மதிப்பிடும் உங்கள் ஸ்கவுட்டின் கணிப்பு. எடிட்டரைத் திறந்து உண்மையான எண்ணைப் பாருங்கள்.

இடதுகை பிட்சர்:
எடிட்டரில்தான் பார்த்தேன். என் அணியில் எடிட் செய்யாத 70 பவர்காரர்கள் நான்கு பேர் அப்படியே இருக்கிறார்களே, அது எப்படி?

ஹோம்பிளேட்:
அவர்களுக்கு என்ன வயது? 26, 27 இருக்கும். சரிந்தவர்கள் எப்போதோ மைனர் லீக்கில் (கீழ்மட்ட லீக்கில்) காணாமல் போயிருப்பார்கள்; தப்பித்தவர்களை மட்டும்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய டிராஃப்டின் முதல் சுற்றை எடுத்துப் பாருங்கள். நிஜத்திலும் இதே கதைதான். 1991-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட பிரையன் டெய்லர் தோள் காயத்துக்குப் பிறகு உச்ச மட்டமான மேஜர் லீக்கையே எட்டவில்லை. 1988-இல் 62-ஆவது சுற்றில் எடுக்கப்பட்ட மைக் பியாட்சா, பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்.

மூன்றாம் பேஸ்:
இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். எண்ணை மாற்றினால் அவனைச் சுற்றியிருக்கிற எல்லாரும் மாறுகிறார்கள். கணினி நடத்தும் அணிகள் அவனைப் பெரிய ப்ராஸ்பெக்டாக (வருங்கால நட்சத்திரமாக) நினைத்து டிரேடில் (ஆட்டக்காரர் பரிமாற்றத்தில்) அள்ளிக் கொடுக்கும். இந்நாள் ரேட்டிங் 30-இலேயே கிடக்கிறவனுக்காக நல்ல ஆட்டக்காரரை இழக்கும். ஒரே எடிட்டில் லீக் முழுதும் கோணலாகிவிடும். அதனால்தான் நான் தொடுவதே இல்லை.

ஹோம்பிளேட்:
தொடவே கூடாது என்பதை ஏற்கமாட்டேன். நிஜ ஆட்டக்காரர் ஒருவருக்குக் கேம் தவறான ரேட்டிங் கொடுத்திருந்தால் திருத்துவது நியாயம். வயதை மட்டும் மறக்கக் கூடாது. 19 வயதில் ஏற்றினால் வளர நேரம் இருக்கிறது. 28 வயதுக்காரருக்கு ஏற்றினால் அந்த எண் பெரும்பாலும் ஏட்டில்தான் இருக்கும். அவருக்கு இந்நாள் ரேட்டிங்கையும் சேர்த்துத் தொட வேண்டும்.

இடதுகை பிட்சர்:
பழைய சேவ் ஃபைலைப் பல பிரதிகள் எடுத்து, அதே பையனையும் எடிட் செய்யாத இன்னொரு 70 பவர் பையனையும் மூன்று சீசன் ஓட்டினேன். என்னவன் ஒரு பிரதியில் 75-க்குப் போனான், இன்னொன்றில் 50-க்குக் கீழே விழுந்தான். மற்றவனும் அதே மாதிரிதான் ஆடினான். கேம் பின்னால் இழுக்கிறது என்று நான் சொன்னது தவறு. ராண்டம்னெஸ்ஸை 100-இலிருந்து குறைத்து மறுபடி ஓட்டப்போகிறேன்.

மூன்றாம் பேஸ்:
ஓட்டும்போது அவனை எந்த அணி எதற்காக வாங்கியது என்பதையும் குறித்து வையுங்கள். என் சந்தேகம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.